புழு விழாத கதிர்

ஜூன் 3

பூதக்கண்ணாடி அவர்களுக்கு,

உன்னோடு பேசுவதில்லை என்று நான் சொன்னது சொன்னதுதான். இது பேச்சு இல்லை, கடிதம். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்வாய். பிறகு நான் கத்துவேன். பிறகு உன் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் கடைசிவரை படி.

தேதி குறித்துவிட்டார்கள்! உங்கள் கம்பெனியின் மரபணு மாற்றிய மக்காச்சோளத்தை எல்லா வயலிலும் விதைக்க அனுமதிக்கலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்கப் போகிறார்கள். இந்த மாதம் 26ஆம் தேதி, நகர மன்றக் கூடத்தில். மூன்று அதிகாரிகள் மேடையில் உட்கார்ந்து கேட்பார்கள். எங்கள் விவசாயிகள் சங்கத்தின் சார்பில் பேசப் போவது யார் தெரியுமா? உன் அண்ணி! தலைவர் நேற்று வீட்டுக்கே வந்து, "உங்க வயல்தாம்மா நம்ம துருப்புச் சீட்டு. ஒரு சொட்டு பூச்சிமருந்து இல்ல, கம்பெனி விதை இல்ல, ஆனா ஒரு புழுவும் இல்ல. இதுக்கு மேல என்ன வேணும் அவங்களுக்கு?" என்றார். அவர் போன பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அது பொங்கி வழிவதை நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

உண்மையைத்தானே சொல்கிறார்? ஐந்து போகமாக என் வயலில் படைப்புழு குறைந்துகொண்டே வந்து, இப்போது தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. பக்கத்து வயல்களில் குருத்துக்குள் புகுந்து அறுத்துத் தள்ளுகிறது. என் வயலில் இலை பளபளவென்று நிற்கிறது. எல்லாம் என் பூண்டு மிளகாய்க் கரைசல். எந்தக் கரைசலைப் பற்றி உன் அப்பாவின் பிறந்தநாள் விருந்தில், அத்தனை பேர் முன்னால், "இது வெறும் தண்ணி அண்ணி, புழு செத்திருந்தா சிரிச்சே செத்திருக்கும்" என்று சொன்னாயோ, அதே கரைசல். கூட்டம் கொல்லென்று சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. நாற்பது குடும்பங்கள் என்னிடம் விதை வாங்கி விதைக்கின்றன. அவர்களில் சிலரும் அன்றைக்கு அங்கே இருந்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பயிரில் உங்கள் மரபணு இருக்கிறதா என்று பார்க்க ஏதோ பட்டை இருக்கிறதாமே? இலையை நசுக்கி முக்கினால் கோடு தெரியுமாமே? அதை மேடையிலேயே, எல்லோர் கண் முன்னாலும் செய்து காட்டலாம் என்று இருக்கிறேன். என் வயல் இலை, என் கை, அவர்கள் கண். யோசித்துப் பார்த்தாலே புல்லரிக்கிறது. அந்தப் பட்டை எங்கே கிடைக்கும் என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அண்ணி


ஜூன் 6

அண்ணி,

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுவேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது என்பது இரண்டு பக்கமும் செல்லும்.

விருந்தில் நான் சொன்னது தப்புத்தான், சொன்ன இடம் தப்பு. ஆனால் அடுத்த வாரமே நீங்கள் சந்தையில் கொடுத்த துண்டுப் பிரசுரம் என் மேசைமேல் இருக்கிறது. எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையின் வாசல் படத்தைப் போட்டு, "விஷ வியாபாரிகளின் கூடாரம்" என்று அச்சடித்திருக்கிறீர்கள். அந்தப் படத்தில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டு குனிந்து நிற்பது நான் அண்ணி. மாடி வீட்டுக்காரம்மா அதைப் பார்த்ததிலிருந்து மாடிப்படியில் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார்.

நான் ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். பெரியப்பா மருந்தடித்துவிட்டு வாயில் நுரை தள்ளி வரப்பில் கிடந்தபோது அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தது நீங்கள், தண்ணீருக்கு ஓடியது நான். அவர் பிழைத்ததே பெரிய விஷயம். மருந்தே அடிக்காமல் புழுவைத் தடுக்கும் செடி ஒன்றை உண்டாக்க முடியும் என்று கல்லூரியில் முதல்முதலாகக் கேட்டபோது, பெரியப்பா ஞாபகம்தான் வந்தது. நீங்களும் நானும் ஒரே விஷத்தைத்தான் வெறுக்கிறோம். நீங்கள் பூண்டு அரைக்கிறீர்கள், நான் மரபணுவைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்.

26ஆம் தேதி நானும் பேசுகிறேன். கம்பெனி சார்பில். மூன்று வருஷத்துக்கு முன் உங்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாங்கள் நிலம் எடுத்து இரண்டு போகம் சோதனைப் பயிர் வைத்தோமே, அதைப் பற்றிக் கேள்வி வரும். முந்நூறு மீட்டர் இடைவெளி விட்டோம், அங்கிருந்து ஒரு மகரந்தத் தூள்கூட வெளியே போகவில்லை என்று சொல்வது என் பொறுப்பு. ஒரே மேடை, எதிரெதிர்க் கட்சி. அண்ணன் பாவம், யாருக்குக் கைதட்டுவார்?

பட்டைகள் ஒரு பெட்டி, தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கம்பெனியுடையது இல்லை, நானே கடையில் வாங்கினேன். இலையைக் கிள்ளி, குழாயில் போட்டு, குச்சியால் நசுக்கி, தண்ணீர் விட்டு, பட்டையை முக்குங்கள். பத்து நிமிஷம். ஒரு கோடு வந்தால் மரபணு இல்லை. இரண்டு கோடு வந்தால் இருக்கிறது. மேடையில் கை நடுங்கும், வீட்டில் ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிடுங்கள். உங்கள் வயல் சுத்தம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் கரைசல் மேல்தான்.

பூதக்கண்ணாடி


ஜூன் 10

என் அருமை நாத்தனாரே,

பார்சல் வந்தது! உன் அண்ணன் முதலில் பிரித்துப் பார்த்துவிட்டார். பெட்டியில் இரண்டு கோட்டுப் படத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்து, சமையலறை வாசலில் வந்து நின்று, "இந்த வயசுலயா?" என்கிறார். நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அவருக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பிறகு அவருக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. சாப்பாட்டு மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, அவர் அதிகாரி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "ம், ஆரம்பிங்கம்மா" என்று அதட்டல் வேறு.

துண்டுப் பிரசுரம் கொடுத்தது நான்தான். ஆனால் படத்தில் நீ இருந்தது சத்தியமாகத் தெரியாது. குனிந்த முதுகைப் பார்த்து யார் என்று கண்டுபிடிக்க நான் என்ன பூதக்கண்ணாடியா? ஆனாலும் மனசு கஷ்டமாக இருக்கிறது. மாடி வீட்டுக்காரம்மாவுக்கு வேண்டுமானால் நான் ஒரு வரி எழுதித் தருகிறேன்.

இப்போது வயலுக்குப் போய் இலை கிள்ளி வரப் போகிறேன். முழங்காலுக்கு மேல் வளர்ந்துவிட்டது பயிர். வாசல் பக்க வரிசையில் ராணி மாதிரி ஒரு செடி நிற்கிறது, ஒரு பொத்தல் கிடையாது. அதில்தான் கிள்ளுவேன். ஒத்திகை முடிந்ததும் வந்து இதே காகிதத்தில் மீதியை எழுதுகிறேன்.

*

இரண்டு கோடு.

மறுபடியும் செய்தேன். இரண்டு கோடு. வேறு செடியில் கிள்ளினேன். இரண்டு கோடு. உன் அண்ணன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார், துடைத்தால் கோடு போய்விடும் என்பது போல.

இதற்காகத்தான் அனுப்பினாயா? "சந்தேகமே இல்லை" என்று தேன் தடவி எழுதி, எதை முக்கினாலும் இரண்டு கோடு காட்டுகிற பட்டையை அனுப்பி, மேடையில் என் மூக்கை உடைக்கப் பார்த்தாயா? உன் கம்பெனி செய்யும் என்று நினைப்பேன். நீ செய்வாய் என்று நினைக்கவில்லை. இதைக் கிழித்துப் போடுவதற்குள் உன் அண்ணன் தபாலில் சேர்த்துவிடட்டும்.

அண்ணி


ஜூன் 12

அண்ணி,

உங்கள் கடிதம் வந்ததும் நான் திட்டு வாங்கிய வருத்தத்தைக் கூட மறந்துவிட்டேன். அவ்வளவு படபடப்பு. முதலில் நான் சொல்வதைச் செய்யுங்கள், பிறகு சாவகாசமாகத் திட்டலாம்.

ஒரு பட்டையை வெறும் தண்ணீரில் முக்குங்கள். இன்னொன்றை அவரைக்கொடி இலைச் சாற்றில் முக்குங்கள். இரண்டிலும் ஒரே கோடு வந்தால் பட்டையில் பழுது இல்லை. பிறகு வயலில் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை நடந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது செடியில் கிள்ளுங்கள். அழகான செடியாகப் பார்த்துக் கிள்ளாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கிள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. எங்காவது இருந்து மகரந்தம் பறந்து வந்து உங்கள் பயிரில் விழுந்தால், அது அந்தக் கதிரின் மணியில்தான் சேரும். இலைக்குள் போகாது. உங்கள் பயிர் இன்னும் பூக்கவே இல்லை. இலையிலேயே இருக்கிறது என்றால், நீங்கள் விதைத்த விதையிலேயே இருந்திருக்கிறது. விதை வெளியே வாங்கினீர்களா? அண்ணன் எங்கேயாவது மலிவாகக் கிடைத்தது என்று கலந்துவிட்டாரா? கோபப்படாமல் பதில் எழுதுங்கள்.

என்னைப் பற்றி அப்படி நினைத்தீர்களே என்பது உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது. இப்போதைக்கு அதை ஓரமாக வைக்கிறேன்.

பூதக்கண்ணாடி


ஜூன் 15

கண்ணம்மா,

பட்டை நல்ல பட்டைதான். தண்ணீரில் ஒரு கோடு, அவரையில் ஒரு கோடு. நான் உன்னைச் சொன்னதற்கு என் வாயில் மிளகாய்க் கரைசலைத்தான் ஊற்ற வேண்டும். மன்னித்துக்கொள்.

இருபது செடியில் முக்கால்வாசி இரண்டு கோடு. மீதிக்கு ஒரு கோடு. விதை வெளியே வாங்கவில்லை, வாங்கியதே இல்லை. உன் அண்ணனைக் கேட்டால் "நான் உப்பு வாங்கவே உன்னைக் கேட்டுட்டுத்தான் போறேன்" என்கிறார், அதுவும் உண்மை.

இனிமேல் எழுதப்போவதை உட்கார்ந்துகொண்டு படி.

அந்த ஒரு கோட்டுச் செடிகள் எங்கே நிற்கின்றன என்று பார்க்க மறுபடி வயலுக்குப் போனேன். ஒவ்வொன்றையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் பொத்தல். குருத்தில் ஒன்றிரண்டு புழு கூட நெளிகிறது. இரண்டு கோட்டுச் செடி ஒன்றில்கூட ஒரு கடி இல்லை. வரப்பில் நின்றுகொண்டிருந்தேன், என் தலைக்குள் ஏதோ சட்டென்று பூட்டுத் திறந்த மாதிரி ஆயிற்று. அறுவடையானதும் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியுமே. ஒவ்வொரு கதிராக மட்டையை உரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு ஓட்டை, ஒரு பொடி, ஒரு அரிப்பு இருந்தால் தூக்கி மாட்டுக்குப் போட்டுவிடுவேன். புழு விழாத கதிரை மட்டும் சமையலறை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டு விதைக்கு வைப்பேன். மற்றவர்கள் கதிர் பெரிதாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நான் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். அதுதானே என் பெருமையே!

உங்கள் சோதனை வயல் மகரந்தம் ஒரு பிடி காற்றில் வந்து என்றோ சில கதிரில் விழுந்திருக்கும். அடுத்த போகம் ஆயிரக்கணக்கான செடியில் பத்தோ இருபதோதான் உங்களுடையதாக இருந்திருக்கும். அந்தப் பத்து இருபதில்தான் புழு விழுந்திருக்காது. நான் என்ன செய்தேன்? தேடித் தேடி அதையே எடுத்து விதைக்கு வைத்தேன். அடுத்த போகமும் அதையே. ஐந்து போகம்! உங்கள் கம்பெனி நாலு பேரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தால்கூட இவ்வளவு ஒழுங்காக உங்கள் பயிரை என் வயலில் வளர்த்திருக்க முடியாது.

எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு துள்ளல், கண்டுபிடித்தது இதையா என்று ஒரு இடி. நான் மேடைக்கு மேடை தூக்கிக் காட்டிய வயல் உங்கள் வயலாகிவிட்டது. என் கரைசல் வெறும் தண்ணீராகிவிட்டது. இதெல்லாம் போகட்டும். நாற்பது குடும்பங்களுக்கு நான் கையால் அளந்து கொடுத்த விதை அது. "அக்கா குடுத்தா கண்ணை மூடிட்டு விதைக்கலாம்" என்று வாங்கிப் போனவர்கள். அவர்கள் பிள்ளைகள் அதைத்தான் தின்றிருக்கிறார்கள். அதனால் ஏதாவது ஆகுமா? உண்மையைச் சொல். எனக்காகச் சொல்லாதே.

பதினெட்டு வருஷத்து விதை. ஒரு மணி வெளியே வாங்காத விதை. அது இன்னும் எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

அண்ணி


ஜூன் 18

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் பேருந்தில் படித்தேன். எழுந்து நின்றே விட்டேன். பக்கத்திலிருந்தவர் இறங்க வழிவிடுகிறேன் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஐந்து வருஷம் படித்து, ஏழு வருஷம் வேலை பார்த்தவள் நான். இப்படி ஒரு வழி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் மகரந்தம் எவ்வளவு தூரம் பறக்கும் என்று மட்டும்தான் கணக்குப் போட்டேன். விழுந்த பிறகு அதை ஒருவர் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுப்பார் என்று கணக்கில் சேர்க்கவில்லை.

கேட்டதற்குப் பதில். தின்பதால் கெடுதல் இல்லை என்றுதான் நான் படித்ததெல்லாம் சொல்கிறது. நான் அதை நம்புகிறேன், என் தட்டிலும் அதைப் போட்டுச் சாப்பிடுவேன். ஆனால் உங்களைக் கேட்காமல், அந்த நாற்பது வீட்டையும் கேட்காமல் அவர்கள் தட்டில் அது வந்து விழுந்திருக்கிறது. அதைச் சரி என்று என்னால் சொல்ல முடியாது.

இப்போது என் பாட்டைக் கேளுங்கள். ஒரு மகரந்தத் தூள்கூட வெளியே போகவில்லை என்று சொல்ல வேண்டியவள் நான். முந்நூறு மீட்டர் என்று விதி சொன்னது, நாங்கள் ஒரு அடி குறைக்கவில்லை, அளந்தது என் கண் முன்னால்தான். அப்படியும் வந்திருக்கிறது. அந்த விதியை நம்பித்தான் நாடு முழுக்க விதைக்க அனுமதி கேட்கிறோம். எங்கள் மேனேஜரிடம் இதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. திறந்தால் அவர் குதித்துக் கூத்தாடுவார். "புழு இல்லை, மருந்து இல்லை" என்று உங்கள் படத்தைப் போட்டு ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டுவார். எங்கள் பயிருக்கு உங்களைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா?

அண்ணி, நான் ஒன்று சொல்கிறேன். மேடையில் சோதனை செய்ய வேண்டாம். யாரும் உங்களைச் செய்யச் சொல்லவில்லை. பேச்சை மட்டும் பேசிவிட்டு இறங்குங்கள். நானும் வாய் திறக்க மாட்டேன். கூட்டம் முடிந்ததும் சத்தமில்லாமல் பயிரை அறுத்துப் போட்டுவிட்டு, அந்த நாற்பது பேரிடமும் விதை கெட்டுவிட்டது என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். உங்கள் மானம் போவதை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

பூதக்கண்ணாடி


ஜூன் 21

கண்ணம்மா,

உன் யோசனையைப் படித்ததும் முதலில் "அப்பாடா" என்றுதான் இருந்தது. ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தேன். அப்போது விதை வாங்குகிற வீடுகளில் ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்தாள். "அக்கா, எங்க வயல்லயும் புழுவே இல்ல, உங்க கரைசலுக்குக் கோயில் கட்டணும்" என்கிறாள். அவள் முகத்தைப் பார்த்து என்னால் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க முடியவில்லை. நிம்மதி அத்தோடு போயிற்று.

தலைவரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். மனுஷர் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். பிறகு எழுந்து அறைக்குள் சுற்றிச் சுற்றி நடந்து, "நீங்க இதை வெளியில சொன்னா சங்கமே சிரிப்பாச் சிரிச்சுப் போகும்மா. சொல்லாம இருக்குறது பொய் இல்லையே" என்றார். நான், "தலைவரே, நாளைக்குக் கம்பெனிக்காரன் இதையே செஞ்சா நீங்க என்ன சொல்லுவீங்க?" என்றேன். அவர் குனிந்து செருப்பைத் தேடினார். செருப்பு காலில்தான் இருந்தது.

மேடையில் சோதனை செய்யப் போகிறேன். என் வயல் இலை, என் கையால். இரண்டு கோடு வரும், வரட்டும். அதற்குப் பிறகு அவர்களிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. அது என்ன என்று உனக்கு எழுத மாட்டேன், நீ அந்தப் பக்கத்து ஆள். உனக்கு வேலை போகும்படி எதையும் நீ சொல்ல வேண்டாம். உன் பெயரை நானும் இழுக்க மாட்டேன். பேசாமல் உட்கார்ந்திரு, அதுவே எனக்குப் போதும்.

பயமாக இருக்கிறதா என்று உன் அண்ணன் கேட்டார். பயம்தான். ஆனால் வெளியே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்ததும் ஒரு குதூகலம் வந்திருக்கிறது பார், அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே புரியவில்லை. நேற்றெல்லாம் பாடிக்கொண்டே இருந்திருக்கிறேனாம்.

அண்ணி


ஜூன் 28

அண்ணி,

மேடையிலிருந்து உங்களுக்கு எதுவும் சரியாகத் தெரிந்திருக்காது. விளக்கு முழுக்க உங்கள் முகத்தில் இருந்தது. பிறகு என்னை மேனேஜர் ஆபீஸ் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார், உங்கள் கையைக்கூட என்னால் பிடிக்க முடியவில்லை. அதனால் நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்ததை நீங்கள் கேட்டே ஆக வேண்டும்.

நீங்கள் இலையை நசுக்கும்போது முன்வரிசையில் எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்று சொன்னதும் கடைசி வரிசையில் ஒருவர் நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டார். அண்ணன் ஜன்னல் ஓரமாக நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். பட்டையைப் பெரிய திரையில் காட்டினார்கள். இரண்டு கோடு! உங்கள் சங்கத்து ஆட்கள் முகத்தில் ஈயாடவில்லை. என் மேனேஜர் என் தோளைத் தட்டித் தட்டி வலியெடுக்க வைத்துவிட்டு, ஒலிபெருக்கிகூட இல்லாமல் எழுந்து கத்தினார். "பாருங்க! இந்தம்மா வயல்ல புழு இல்லாததுக்குக் காரணம் பூண்டும் இல்ல மிளகாயும் இல்ல, எங்க பயிர்!" எங்கள் பக்கத்தில் கைதட்டல் பறந்தது.

அந்தக் கைதட்டல் ஓயும்வரை நீங்கள் நின்றீர்கள் பாருங்கள். அவசரமே படவில்லை. பிறகு கேட்டீர்கள்: "நான் வாங்கலை. நீங்க விக்கலை. அப்போ என் வயலுக்கு அதை யாருங்க கொண்டு வந்தது?"

தட்டிய கைகள் அப்படியே மடியில் இறங்கியதை நான் பார்த்தேன். மேனேஜர் நின்றபடியே இருந்தார், உட்காருவதா பேசுவதா என்று அவருக்கே தெரியவில்லை. நடுவில் இருந்த அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதற்குக் கம்பெனியிலிருந்து யார் பதில் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். பெயர்ப் பட்டியலில் இருந்தது நான். எழுந்தேன். நீங்கள் என்னைப் பேசாதே என்று தலையாட்டியதையும் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் நீங்கள் சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்?

"முந்நூறு மீட்டர் விட்டோம். போதவில்லை. காற்று கொண்டு வந்திருக்கிறது. எங்கள் வயலிலிருந்துதான்." அவ்வளவுதான் சொன்னேன். நிறைய எழுதி வைத்திருந்தேன், ஒரு வரிகூட நினைவில்லை. உட்காரும்போது நாற்காலி கிறீச்சிட்டது.

மறுநாள் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை வீட்டிலிருக்கச் சொல்லி உத்தரவு. வேலை இருக்குமா இருக்காதா தெரியாது. அழ வேண்டும், ஆனால் அழுகை வரவில்லை அண்ணி. பெரிய பாரத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்பது போல இருக்கிறது. இன்றைக்கு மாடி வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி, பேப்பரில் என் படத்தைக் காட்டி, "இது நீதானே?" என்று கேட்டு, உள்ளே வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார்.

அனுமதியை அவர்கள் தள்ளிவைத்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் வயலும் அந்த நாற்பது வயலும் பூக்கக் கூடாது என்று உத்தரவு வந்திருக்குமே? சோதித்து ஒரு கோடு காட்டுகிற செடி மட்டும் நிற்கலாம், மற்றதெல்லாம் ஆண் பூ தலைகாட்டுவதற்குள் அறுக்க வேண்டும். இருபது செடியில் நாலைந்துக்கு ஒரு கோடு வந்ததே, அப்படியென்றால் உங்கள் பழைய விதை இன்னும் சாகவில்லை! ஆனால் ஆயிரக்கணக்கான செடியைச் சோதிக்கப் பட்டைக்கு எங்கே போவது? என்னிடம் இருநூறு இருக்கிறது, அவ்வளவுதான். யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. உங்களுக்கு ஏதாவது வழி தோன்றுகிறதா?

பூதக்கண்ணாடி


ஜூலை 2

என் தங்கமே,

உன்னை மேடையிலிருந்து பார்த்தேன். விளக்கு கண்ணைக் கூசினால் என்ன, நீ எழுந்தது தெரியாதா எனக்கு? வேலை போனால் இங்கே வந்து இரு. போகாவிட்டாலும் வந்து இரு. இதைப் பற்றி நேரில் பேசி நாம் இருவரும் நன்றாக ஒரு பாட்டம் அழுவோம், இப்போது நேரமில்லை.

வழி தோன்றிவிட்டது! ஆயிரம் செடியையும் ஏன் சோதிக்க வேண்டும்? எது நம் செடி என்று காட்டிக்கொடுக்க ஆள் இருக்கிறதே! கரைசல் தெளிப்பதை 27ஆம் தேதியே நிறுத்திவிட்டேன். அது முழுக்க வெறும் தண்ணீர் இல்லை, தெரிந்துகொள். நிறுத்தியதும் படைப்புழு எங்கிருந்தோ படையெடுத்து வந்துவிட்டது. உங்கள் செடியை அது தொடவில்லை. நம் செடியாகப் பார்த்து உட்கார்ந்து தின்கிறது. புழு கடித்த செடிக்கெல்லாம் நான் பழைய புடவையைக் கிழித்து நாடா கட்டிக்கொண்டு வருகிறேன். அதை மட்டும் பட்டையில் முக்கிப் பார்த்தால் போதும். மிச்சமிருந்த பட்டையில் பன்னிரண்டு முக்கினேன், பன்னிரண்டும் ஒரே கோடு!

இன்று காலை உன் அண்ணன் வயல் கோடியிலிருந்து, "அடியே, இங்க வா, இங்க வா!" என்று கத்திக்கொண்டே ஓடி வருகிறார். பாம்பு கீம்பு கடித்துவிட்டதோ என்று நான் பதறிப் போனேன். வந்து உள்ளங்கையை விரித்தால், கொழுகொழுவென்று ஒரு புழு. "கிழக்கு மூலை முழுக்க இருக்கு! அத்தனை செடியும் நம்மது!" என்று அந்த மனுஷர் கண்ணில் தண்ணீர். நாங்கள் இருவரும் வரப்பில் நின்று புழுவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை வேறு யாராவது பார்த்திருந்தால் எங்களைக் கட்டிப் போட்டிருப்பார்கள். நாற்பது வீட்டுக்கும் ஆள் அனுப்பிவிட்டேன். சிலர் கோபமாகத்தான் இருக்கிறார்கள், அது நியாயம்தான். கரைசலுக்குக் கோயில் கட்டச் சொன்னவள் இனி என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். ஆனாலும் அவள் வயலில் நாடா கட்டத் தொடங்கியிருக்கிறாளாம்.

உச்சிக் குருத்தைப் பிரித்துப் பார்த்தேன், ஆண் பூ உள்ளே வந்துவிட்டது. இன்னும் நாலைந்து நாள்தான் தாங்கும். அந்த இருநூறு பட்டையையும் எடுத்துக்கொண்டு, கிடைக்கிற பேருந்தில் ஏறி வந்து சேர். அறுக்க உன் அண்ணன் இருக்கிறார், நாடா கட்ட நான் இருக்கிறேன், கோடு பார்க்க நீ வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் நாடா கட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று நினைத்துக்கொண்டேன், அதிலிருந்து கை ஓடவில்லை. ஒவ்வொரு அறுவடையிலும் புழு அரித்த கதிரை மூக்கைச் சுளித்துக்கொண்டு மாட்டுக்குத் தூக்கிப் போட்டேனே, என் விதை அத்தனையும் அதில்தான் இருந்திருக்கிறது. நான் எறிந்ததிலிருந்து தப்பிப் பிழைத்து வந்ததுதான் இந்தக் கிழக்கு மூலை. சீக்கிரம் வா.

அண்ணி